சுற்றுச்சூழல் வேதியியல் படிக்கலாமா? லோன் ஃபாரத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் சரி, பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் முடிஞ்சாலும் சரி, வீட்டுல வர்ற முதல் கேள்வி "அடுத்து என்ன?" அடுத்த கேள்வி "எவ்வளவு ஆகும்?" இந்த ரெண்டுக்கும் நடுவுல கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பல பேர் கேட்கறதே இல்ல. "இந்தப் படிப்புக்கு நாளைக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க, எதுக்காகக் கொடுப்பாங்க?"

இன்னைக்கு அந்தக் கேள்வியைச் சுற்றுச்சூழல் வேதியியலுக்குக் கேட்டுப் பார்க்கலாம். இந்தப் பேரைச் சொன்னதும் சிலர் "எதிர்காலமே இதுலதான்"னு சொல்வாங்க. சிலர் "இதைப் படிச்சு என்ன பண்ணப் போற?"னு கேட்பாங்க. ரெண்டுமே கணக்கு பார்க்காம சொல்றது. நாம கணக்கு பார்ப்போம்.

முதல்ல, இது என்ன படிப்பு?

தண்ணி, காத்து, மண் மூணுலயும் ஒரு ரசாயனம் எங்கிருந்து வருது, வழியில எப்படி மாறுது, கடைசியில எங்க போய்ச் சேருதுனு பார்க்குற படிப்பு. ஒரு உதாரணம் பார்க்கலாம். தோல் பதனிட குரோமியம் உப்பு பயன்படுத்துறாங்க. அதுல இருக்கிறது மூன்று இணைதிறன் குரோமியம், நச்சுத்தன்மை குறைவு. அதே குரோமியம் ஆறு இணைதிறன் வடிவத்துல இருந்தா புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதனால "மொத்தக் குரோமியம் இவ்வளவு"னு மட்டும் சொல்ற ரிப்போர்ட் பாதி உண்மையைத்தான் சொல்லுது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கிறவர்தான் சுற்றுச்சூழல் வேதியியலாளர்.

இன்னொரு உதாரணம். கழிவுநீர்ல பி.ஓ.டி. அளக்கிறதைப் பல வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் 5 நாள், 20 டிகிரி செல்சியஸ்னு சொல்லும். நம்ம நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள்ல அது 3 நாள், 27 டிகிரி. நம்ம ஊர் வெப்பத்துக்கு அதுதான் பொருந்தும். புத்தகத்தை மட்டும் படிச்சவருக்கும் லேப்ல நின்னவருக்கும் உள்ள வித்தியாசம் இது மாதிரி இடத்துலதான் தெரியும்.

சம்பளம் கொடுக்கிறது யார்?

ஒரே வார்த்தையில சொன்னா, சட்டம்.

1974ல நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981ல காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. போபால் விபத்து நடந்து ரெண்டு வருஷத்துல, 1986ல, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாசு உண்டாக்கக்கூடிய தொழிற்சாலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட அனுமதி வாங்கணும், கழிவுநீரையும் புகையையும் சோதிச்சுக் காட்டணும். 2006 அறிவிக்கைப்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேணும். ஓனருக்கு ஆத்து மேல பாசம் இருக்கோ இல்லையோ, ரிப்போர்ட் வேணும்.

தமிழ்நாட்டுல இதுக்கு ரெண்டு பெரிய சாட்சி இருக்கு. வேலூர் வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்குல 1996ல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச்சு. மாசு பண்ணினவரே அதுக்கான செலவை ஏத்துக்கணும்ங்கிற கொள்கையை அழுத்தமா வச்ச தீர்ப்பு அது. அடுத்தது திருப்பூர். நொய்யல்ல சாயக்கழிவு கலந்ததால, கழிவுநீரை வெளியவே விடாத அமைப்பு வர்ற வரைக்கும் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. இப்படி ஒவ்வொரு உத்தரவுக்குப் பின்னாடியும் தண்ணி எடுத்து, டி.டி.எஸ்., சி.ஓ.டி., குளோரைடுனு அளக்க ஆள் தேவை. அந்த ஆள்தான் நம்ம மாணவர்.

குடிநீரையும் மறந்துடாதீங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு பிரச்சினை ரொம்ப நாளா இருக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி ஏத்துக்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும். அந்த அரை மில்லிகிராம் வித்தியாசத்தைச் சரியா அளக்கத் தெரிஞ்சவருக்கு வேலை இருந்துகிட்டே இருக்கும்.

அப்போ சம்பளம் ஏறுறது எப்போ?

இதுதான் முக்கியமான இடம், கவனிங்க. பட்டம் உங்களை லேப் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போகும். கருவியில வேலை தெரிஞ்சா உள்ள விடுவாங்க. ஆனா சம்பளம் நல்லா ஏறத் தொடங்குறது ரிப்போர்ட்ல கையெழுத்து போடற தகுதி வந்த பிறகுதான். ஐ.எஸ்.ஓ. 17025 தரத்துல அங்கீகாரம் வாங்கின லேப்கள்ல யார் வேணும்னாலும் கையெழுத்து போட முடியாது. படிப்பும் வேணும், அனுபவமும் வேணும்.

அரசுப் பகுப்பாய்வாளர் தகுதியை 1986ம் வருஷச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் எப்படிச் சொல்லுதுனு பாருங்க. அறிவியல் இளநிலைப் பட்டம்னா சுற்றுச்சூழல் சோதனைக் கூடத்துல 5 வருஷ அனுபவம். முதுநிலைப் பட்டம்னா 2 வருஷம்.

இதை ஒரு கணக்காப் போட்டுப் பார்க்கலாம். பி.எஸ்சி. வேதியியல் முடிச்சவர் நேரா லேப்ல சேர்ந்தா 5 வருஷம். எம்.எஸ்சி. போறவருக்குப் படிப்பு 2, அனுபவம் 2, ஆக 4 வருஷம். வித்தியாசம் ஒரே ஒரு வருஷம்! அந்த ஒரு வருஷத்தை எவ்வளவு விலை கொடுத்து வாங்குறீங்கங்கிறதுதான் கேள்வி. அரசுக் கல்லூரியில குறைஞ்ச ஃபீஸ்ல எம்.எஸ்சி. கிடைச்சா தாராளமாச் சேருங்க. ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் அந்தக் கதவு வேணும். லட்சக்கணக்குல கடன் வாங்கித்தான் சேரணும்னா, கொஞ்சம் நில்லுங்க.

லோன் கணக்கு

ஒரு தனியார் நிறுவனத்துல ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 2.5 லட்சம்னு வச்சுக்கலாம். ரெண்டு வருஷத்துக்கு 5 லட்சம். வட்டி 10 சதவீதம். பொதுவா கல்விக் கடன்ல படிப்புக் காலமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் இ.எம்.ஐ. கட்ட வேண்டாம். ஆனா வட்டி தூங்காது.

முதல் வருஷப் பணத்துக்கு 3 வருஷ வட்டி 75,000 ரூபாய். ரெண்டாவது வருஷப் பணத்துக்கு 2 வருஷ வட்டி 50,000. ஆக, கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 6.25 லட்சம். 10 வருஷத்துல அடைச்சா இ.எம்.ஐ. சுமார் 8,260 ரூபாய், மொத்தம் சுமார் 9.9 லட்சம். படிக்கும்போதே அந்த வட்டியை மட்டும் கட்டிட்டு வந்தா இ.எம்.ஐ. சுமார் 6,610 ஆகக் குறையும். மொத்தச் செலவுல 70,000 ரூபாய்க்கு மேல மிச்சம்.

என்னோட விதி இதுதான்: இ.எம்.ஐ. முதல் சம்பளத்துல 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8,260 ரூபாய் இ.எம்.ஐ.க்குக் கையில வர்ற சம்பளம் 41,000க்கு மேல இருக்கணும். தனியார் லேப்ல புதுசா சேருறவருக்கு அது கிடைக்குமானு கல்லூரி விளம்பரத்தைப் பார்க்காதீங்க, அங்க வேலை செய்ற சீனியர்கிட்ட கேளுங்க.

7.5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம கடன் கிடைக்கும்தான். ஆனா அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரரா கையெழுத்து போடுவாங்க. நீங்க கட்டத் தவறினா அவங்க சிபில் ஸ்கோரும் சேர்ந்து அடிவாங்கும். பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குக் கட்டுற வட்டிக்கு 8 வருஷம் வரைக்கும் வரிக் கழிவு உண்டு. அதுக்காகவே கடன் வாங்காதீங்க!

படிக்கச் சம்பளம் வாங்குற வழியும் இருக்கு

ஆராய்ச்சியில ஆர்வம் இருக்கிறவங்க சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுல வேதி அறிவியல் பாடம் எழுதலாம். யு.ஜி.சி. நெட்ல சுற்றுச்சூழல் அறிவியல் பாடம் இருக்கு. ஜே.ஆர்.எஃப். கிடைச்சா 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000 ரூபாய். முதல் ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் 42,000. ஹாஸ்டல் இல்லைன்னா வீட்டு வாடகைப் படி தனி. ஒரு வருஷம் உட்கார்ந்து இந்தத் தேர்வுக்குப் படிக்கிறது நல்ல முதலீடு.

சேர்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. பட்டச் சான்றிதழ்ல என்ன பேர் வரும்? "வேதியியல்"னு இருக்கிறதும் "சுற்றுச்சூழல் வேதியியல்"னு இருக்கிறதும் வேலை அறிவிப்புல ஒண்ணு இல்ல. ஆசிரியர் வேலைக்கு, அது எம்.எஸ்சி. வேதியியலுக்கு இணையானதுனு அரசாணை இருக்கானு பாருங்க. சந்தேகம்னா, பட்டத்துல வேதியியல், புராஜெக்ட்ல சுற்றுச்சூழல்னு போறது பாதுகாப்பான வழி.

2. ஏ.ஏ.எஸ்., ஜி.சி.எம்.எஸ்., ஐ.சி.பி.எம்.எஸ். கருவிகள் இருக்கா, ஓடுதா? கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற கருவியால உங்களுக்குப் பிரயோஜனம் இல்ல. மாணவர்கள் தங்கள் கையாலயே சாம்பிள் ஓட்டுறாங்களானு கேளுங்க.

3. கடைசி செமஸ்டர் புராஜெக்ட் எங்க? அங்கீகாரம் பெற்ற லேப்லயோ, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துலயோ, நீரி மாதிரி ஆராய்ச்சி நிறுவனத்துலயோ 6 மாசம் கிடைச்சா அதுவே பாதி வேலைவாய்ப்பு.

4. போன வருஷம் முடிச்சவங்கள்ல மூணு பேர் நம்பர் கொடுப்பீங்களா? தயங்கினா நீங்களும் தயங்குங்க.

கடைசியா ஒரு விஷயம்

இந்தத் துறையில ஒரு சிக்கல் உண்டு. ரிப்போர்ட்டுக்குப் பணம் கொடுக்கிறவரே, அது நல்லா வரணும்னு விரும்புறவர். "இந்த நம்பரைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க"னு ஒருநாள் கேட்கலாம். அந்தக் காகிதத்துல இருக்கிறது வெறும் நம்பர் இல்ல. பக்கத்து ஊர்க் கிணத்துத் தண்ணியைக் குடிக்கிற குழந்தையோட பல்லும் எலும்பும் அதுல இருக்கு.

அப்போ "முடியாது சார்"னு சொல்ல நேர்மை மட்டும் போதாது. அடுத்த மாசம் வேலை போனாலும் சமாளிக்கிற அளவுக்கு நிலைமை இருக்கணும். 8,260 ரூபாய் இ.எம்.ஐ. கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவருக்கு அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்னுடும். கடன் இல்லாதவருக்கு, 6 மாசச் செலவை ஒதுக்கி வச்சவருக்கு, அதைச் சொல்றது கொஞ்சம் சுலபம்.

அதனால இந்தப் படிப்பைத் தாராளமாப் படிங்க, ஆனா குறைஞ்ச செலவுல படிங்க. வட்டிக் கணக்கை உங்க தொகைக்குப் போட்டுப் பார்த்துட்டு, அதை வீட்டுல அப்பா அம்மாகிட்டயும் காட்டுங்க. கல்விக் கடன் பத்திக் கேள்வி இருந்தா கமெண்ட்ல கேளுங்க. அடுத்த பதிவுல சந்திக்கலாம்.