அப்பிள் வினாகிரி: குடிப்பதா, தொட்டுக்கொள்வதா?

எங்கள் வகுப்பில் காலையில் வெறும் வயிற்றில் அப்பிள் வினாகிரி குடித்துவிட்டு வரும் தோழியர் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடம்பு மெலிய வேண்டும். எங்கள் சாச்சி குடிப்பது சீனி வருத்தத்துக்கு. குளிசையை விட்டுவிட்டு இதையே குடித்தால் போதாதா என்று அவர் கேட்டபோது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்காகத் தேடி வாசித்தவைதான் இவை.

வினாகிரி நமக்குப் புதிய பொருளல்ல. புரியாணியோடு வைக்கும் அச்சாறில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பேரீச்சம்பழமும் அதில்தான் ஊறுகின்றன. நமது நாட்டில் தென்னங்கள்ளிலிருந்தும், ஐரோப்பாவில் அப்பிள் சாற்றிலிருந்தும் செய்கிறார்கள். வழி ஒன்றுதான்: மதுவம் சீனியை அற்ககோலாக்கும், பின்னர் ஒருவகைப் பற்றீரியா அந்த அற்ககோலை அசற்றிக்கமிலமாக்கும். போத்தலின் அடியில் கலங்கலாகக் கிடப்பதைத் ‘தாய்’ என்று விளம்பரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. அந்தப் பற்றீரியாவும் அது உண்டாக்கிய நாரும்தான் அது.

ரொட்டியோடு தொட்டு உண்ணும் பொருளாக வினாகிரியை நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதைக் காட்டி வினாகிரியைச் சீனி வருத்தத்துக்கு மருந்தாக விற்பவர்களும் உண்டு. அந்தச் செய்தியில் வருவது தொடுகறி.

சீனியைக் குறைக்கும் என்பது முழுப் பொய்யும் அல்ல. அமெரிக்காவின் அரிசோனா அரச பல்கலைக்கழகத்தில் கரோல் ஜோன்ஸ்டன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மாச்சத்து நிறைந்த உணவுக்கு முன் 20 கிராம் அப்பிள் வினாகிரியை நீரில் கலந்து கொடுத்தார்கள். உடல் இன்சுலினுக்குச் சரியாக இசையாதவர்களிடம், உணவுக்குப் பிந்திய ஒரு மணித்தியாலத்தில் இன்சுலினின் செயற்பாடு மேம்பட்டது. வினாகிரி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. சோறு மெல்ல இறங்கினால் சீனியும் மெல்ல ஏறும். ஆனால் இது ஒரு வேளை உணவில் கண்ட மாற்றம். குளிசை செய்யும் வேலையை வருடக்கணக்கில் இது செய்யும் என்று யாரும் காட்டவில்லை.

அதே தாமதம் வேறொருவருக்கு ஆபத்தாகும். நெடுங்காலம் நீரிழிவு உள்ளவர்களில் சிலருக்கு இரைப்பையின் நரம்புகள் பழுதடைந்து, அது ஏற்கனவே மந்தமாகவே இயங்கும். சுவீடனில் அத்தகைய 10 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. வினாகிரி குடித்தபோது அவர்களின் இரைப்பை இன்னும் மந்தமாகியது. இன்சுலின் ஊசி போட்டபின் உணவு குடலுக்கு இறங்கப் பிந்தினால் இரத்தத்தில் சீனி சடுதியாக விழும். சாச்சியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்: குளிசையை நிறுத்தக்கூடாது, வினாகிரி குடிப்பதைக் கிளினிக்கில் மறைக்கவும் கூடாது.

வவுனியாவில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் இதுவும் ஒன்று. பழுதடைந்த சிறுநீரகம் உடலில் சேரும் அமிலத்தை வெளியேற்றவே திணறும். அதன் மேல் நாள்தோறும் அமிலம் ஊற்றுவது புத்தியல்ல. ஒஸ்திரியாவில் நாளுக்கு ஏறத்தாழ 250 மி.லீ. அப்பிள் வினாகிரியை ஆறு வருடம் குடித்த 28 வயதுப் பெண்ணுக்குப் பொற்றாசியம் குறைந்து, எலும்பும் நலிந்திருந்ததை 1998இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அளவு மிக அதிகம்தான். ஆனால் ‘இயற்கை’ என்ற சொல் அவரைக் காக்கவில்லை.

இனி மெலியும் கதை. 2009இல் வெளியான யப்பானிய ஆய்வில் 12 வாரம் நாள்தோறும் வினாகிரி குடித்தவர்கள் குறைத்தது 1 முதல் 2 கிலோ. 2024இல் லெபனானில் இருந்து ஓர் ஆய்வு வந்தது: 12 முதல் 25 வயது வரையான 120 பேர், அதாவது நம் வயதினர், அதே 12 வாரத்தில் 6 முதல் 8 கிலோ வரை குறைந்தார்களாம். உலகமெங்கும் செய்தியாகியது. தரவுகள் நம்பத்தகுந்தவை அல்ல என்று கண்டு, 2025 செப்டெம்பரில் அதை வெளியிட்ட பி.எம்.ஜே. குழுமமே மீளப்பெற்றுக்கொண்டது. முதற் செய்தியைப் பார்த்த தோழியரில் ஒருவருக்குக்கூட இரண்டாவது செய்தி தெரிந்திருக்கவில்லை.

நெதர்லாந்தில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி மெலிவதற்காகத் தினமும் ஒரு கிளாஸ் அப்பிள் வினாகிரி குடித்தாள். அவளது எடை ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. பற்கள் அரித்துப்போனதை 2012இல் பல் வைத்தியர்கள் எழுதினார்கள். பல்லின் மேலுறையான மிளிரி, பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும். வினாகிரியின் பெறுமானம் 3ஐ ஒட்டியது. கரைந்த மிளிரி திரும்ப வளராது.

போத்தலை எறியத் தேவையில்லை. வெள்ளரிக்காய், வெங்காயச் சலாதில் இரண்டு தேக்கரண்டி விடலாம். அதற்கு நம் தென்னை வினாகிரியே போதும். அசற்றிக்கமிலம் இரண்டிலும் ஒன்றுதான், விலைதான் வேறு. வாங்கும்போது ‘செயற்கை’ என்று சுட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அது நீரில் கரைத்த அமிலம் மட்டுமே. சாப்பிட்டபின் வாயை வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணித்தியாலம் கழித்துப் பல் தீட்டலாம். உடனே தீட்டினால் அமிலத்தில் இளகிய மிளிரியைத் தூரிகை தேய்த்துவிடும்.