ஒரு கம்பி இரண்டானபோது

மாணவர்களே, ஒரு கயிற்றில் இருவர் தொங்குவதாகக் கற்பனை செய்யுங்கள். இருவரும் கயிற்றைப் பிடித்திருந்தால், ஒவ்வொருவரின் கையும் அவரவர் எடையை மட்டுமே தாங்கும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு, மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால்? மேலே இருப்பவரின் கை இருவரின் எடையையும் தாங்க வேண்டும்!

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில், ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் இப்படித்தான் நடந்தது. அங்கு நான்காம் மாடி நடைபாலமும் அதற்கு நேர்கீழே இரண்டாம் மாடி நடைபாலமும் கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தின்படி, ஒவ்வொரு நீண்ட கம்பியும் இரு பாலங்களையும் தாங்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது சிரமம். ஆகவே, ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு குட்டைக் கம்பிகள் பொருத்தப்பட்டன. கீழ்ப்பாலம் மேற்பாலத்திலிருந்து தொங்கியது. மேற்பாலத்தைத் தாங்கிய நட்டுகளின் சுமை இரட்டிப்பானது.

மாற்றிய வரைபடம் பொறியாளர்களின் ஒப்புதல் முத்திரையையும் பெற்றது. ஆனால், அந்த இணைப்பு எவ்வளவு சுமை தாங்கும் என்று யாரும் கணக்கிடவில்லை. அது மற்றவரின் வேலை என்று இரு தரப்பும் நினைத்தன.

1981 ஜூலை 17 மாலை பாலங்கள் சரிந்தன. 114 பேர் மாண்டனர். முதல் வடிவமைப்பே விதிமுறை கேட்ட வலிமையில் சுமார் 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என்றும், மாற்றம் அதைப் பாதியாக்கியது என்றும் விசாரணையில் தெரிந்தது.

வரைபடம் கைமாறினால் போதாது. என்ன மாறியது, ஏன் மாறியது, யார் கணக்கிட்டார் என்பதும் சேர்ந்தே கைமாற வேண்டும். உங்கள் அடுத்த குழுச் செயல்திட்டத்திலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.