பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் சிரப்: மருந்து சரி, அளவு சரியா?

நிபோங் திபால் வட்டாரத்தில் பைராம் தோட்டம் போன்ற குடியிருப்புகளில் அப்பா, அம்மா இருவருமே வேலைக்குப் போகும் வீடுகள் பல உண்டு. காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கிளினிக்கிற்குக் கூட்டிப் போவது அம்மா. பகலில் மருந்து கொடுப்பது பாட்டி. இரவு வேளைக்கு, வேலை முடிந்து வரும் அப்பா. மருந்து வாங்கும் இடத்தில் சொல்லப்பட்ட விளக்கம் ஒருவர் காதில்தான் விழுகிறது. மருந்தோ மூன்று கை மாறுகிறது. தவறு எளிதில் நுழைவது இங்கேதான்.

எல்லாக் காய்ச்சலுக்கும் இது மருந்தல்ல

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியா கிருமிகளைக் கொல்லும், அல்லது வளரவிடாமல் தடுக்கும் மருந்து. பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி, நிமோனியா, சிறுநீர்த் தொற்று, சீழ் பிடித்த தோல் புண் போன்றவற்றுக்கு இது தேவைப்படும். சளி, ஃபுளூ, டிங்கி, கை கால் வாய்ப்புண் நோய் ஆகியவை வைரஸால் வருபவை. அவற்றில் இந்த மருந்து வேலை செய்யாது.

புகையால் வரும் இருமலும் அப்படித்தான். 2022 ஜனவரியில் புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரத்தைப் புகை சூழ்ந்தது. அத்தகைய இருமலுக்கு, போன முறை மிஞ்சிய சிரப்பை எடுத்துக் கொடுப்பதில் பயனில்லை. மலேசியாவில் ஆன்டிபயாடிக் மருந்துகள் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்கக் கூடாது. அண்ணனுக்கு எழுதியதைத் தம்பிக்குக் கொடுக்கவும் கூடாது.

ஒரே மருந்து, இரண்டு வீரியம்

பிள்ளைகளுக்கான அளவை மருத்துவர் பெரும்பாலும் எடையைப் பார்த்தே கணக்கிடுகிறார். அதனால் கிளினிக்கில் எடை பார்க்காவிட்டால் கேட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது.

அடுத்து பாட்டிலின் மேல் உள்ள எண். அமாக்சிசிலின் சிரப் 5 மில்லி லிட்டரில் 125 மில்லி கிராம், 250 மில்லி கிராம் என இரண்டு வீரியங்களில் கிடைக்கிறது. பிள்ளைக்கு வேண்டியது 250 மில்லி கிராம் என்றால், ஒரு பாட்டிலில் 10 மில்லி லிட்டர் கொடுக்க வேண்டும். மற்றதில் 5 போதும். "போன முறையும் இதே மருந்துதான்" என்று பழைய அளவையே கொடுத்தால் மருந்து பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். ஒவ்வொரு முறையும் புதிய லேபிளைப் படித்தே கொடுக்க வேண்டும்.

வீட்டுக் கரண்டியும் நம்பத் தக்கதல்ல. தேநீர் கரண்டி என்றாலும் வீட்டுக்கு வீடு அதன் கொள்ளளவு மாறும். கோடு போட்ட சிரிஞ்ச் அல்லது மருந்துக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீர் கலக்கும் முறை

இந்த சிரப்புகளில் பல, தூளாகத்தான் வருகின்றன. மருந்தகத்தில் தண்ணீர் கலந்து தருவார்கள். சில வேளைகளில் முதல் பாட்டிலை மட்டும் கலந்து, இரண்டாவதைத் தூளாகவே கொடுத்து அனுப்புவதுண்டு. 5 மில்லி லிட்டர் வீதம் நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்றால் 105 மில்லி லிட்டர் தேவை; 60 மில்லி லிட்டர் பாட்டில் ஒன்று போதாது.

கொதிக்க வைத்து நன்றாக ஆறிய நீரையே சேர்க்க வேண்டும். சுடுநீர் மருந்தைக் கெடுத்துவிடும். முதலில் பாட்டிலைத் தட்டித் தூளைத் தளர்த்திக்கொண்டு, நீரில் ஒரு பகுதியை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கிய பிறகு, குறித்த கோடு வரை நீர் விட்டு மீண்டும் குலுக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் மருந்தின் வீரியம் குறைந்துபோகும். சந்தேகமாக இருந்தால், தூள் பாட்டிலை எடுத்துப் போய் மருந்தகத்திலேயே கலந்து வாங்குவது மேல்.

கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதி வையுங்கள். கலந்த சிரப் மருந்தைப் பொறுத்து ஏழு முதல் பதினான்கு நாள்வரை தாங்கும். அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த சிரப்பை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஏழு நாளுக்குப் பின் மிச்சத்தை வைத்திருக்கக் கூடாது. கிளாரித்ரோமைசின் சிரப்பை ஐஸ் பெட்டியில் வைத்தால் கெட்டியாகிக் கசக்கும். ஆகவே லேபிள் சொல்வதே முடிவு. எந்த சிரப்பையும் உறையும் தட்டில் வைக்க வேண்டாம்.

கொடுக்கும்போது

ஒவ்வொரு வேளையும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கும். முதல் நாள் நீர்த்ததும் கடைசி நாள் கெட்டியானதும் பிள்ளைக்குப் போகும்.

பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். முழுப் பால் புட்டியில் கலந்தால், மிச்சம் வைக்கும் பாலோடு மருந்தும் போய்விடும். கிளாக்சசிலின் போன்றவற்றை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். அமாக்சிசிலினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அமாக்சிசிலின் குடித்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மீண்டும் கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளைக்குக் காத்திருக்கலாம். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா?

இரண்டாம் நாளே பிள்ளை விளையாடத் தொடங்கிவிடும். "நல்லாயிருக்கே, இன்னும் எதுக்கு மருந்து?" என்ற எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சிக்கு பெனிசிலின் வகை மருந்தைப் பொதுவாகப் பத்து நாள் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சரியாகக் குணப்படுத்தாவிட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைப் பாதிக்கக்கூடும். நாள் கணக்கைக் குறைப்பதென்றால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவு மருந்து கிருமிகளை எதிர்ப்புச் சக்தி பெற வைக்கும் என்று எச்சரித்தார்.

எப்போது உதவி நாட வேண்டும்?

லேசான வயிற்றுப்போக்கு வரலாம். பிள்ளைக்கு நீராகாரம் கொடுத்து வாருங்கள். தோலில் தடிப்பு வந்தால் அடுத்த வேளையைக் கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே 999ஐ அழைக்க வேண்டும். மூன்று நாளாகியும் காய்ச்சல் குறையாவிட்டால் கிளினிக்கிற்குத் திரும்பிப் போக வேண்டும். இடையிலேயே பிள்ளை சோர்ந்துபோனாலோ, குடிக்க மறுத்தாலோ மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.

மருந்து வாங்கும்போது நான்கு கேள்விகள் போதும்: எத்தனை மில்லி லிட்டர்? எந்தெந்த நேரம்? எங்கே வைப்பது? கடைசி நாள் எது? பதிலை ஒரு தாளில் எழுதி ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, கொடுத்தவர் ஒவ்வொரு வேளையும் ஒரு கோடு போட்டுவிடலாம். பாட்டி கொடுத்தாரா என்று அப்பா ஊகிக்க வேண்டியதில்லை. அந்தக் கோடு சொல்லிவிடும்.