முதல் 15 நிமிடம்!

ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ரத்தம் ஏற்றப்போகிறார்கள். நர்சு வந்து, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறார். "இதோடு மூன்று தடவை சொல்லியாகிவிட்டது!" என்று நோயாளி முணுமுணுக்கிறார்.

உயிரைக் காப்பதே அந்தக் கேள்விதான். "நீங்கள்தானே முருகன்?" என்று கேட்கக்கூடாது. அரைத் தூக்கத்தில் யாரும் "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள்! அவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைத்து, பையில் ஒட்டியுள்ள சீட்டோடு ஒத்துப் பார்க்கவேண்டும்.

ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்பதை 1901-ம் ஆண்டில் வெளியிட்டவர், வியன்னா நகர டாக்டர் லாண்ட்ஸ்டைனர். 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் ரத்தம் ஏற்றினால் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். காரணம் தெரியவில்லை.

"ஓ" பிரிவுக்காரருக்கு "ஏ" பிரிவு ரத்தம் ஏறினால், கொஞ்சம் உள்ளே போனதுமே ஆபத்துதான். ஏறிய சிவப்பு அணுக்கள் உடையும். சிறுநீரகம் கெடும். ஆகவே முதல் 15 நிமிடம் மெதுவாகச் சொட்டவிட்டு, நர்சு பக்கத்திலேயே நிற்கிறார். நாடி, உஷ்ணம், மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கிறார்.

குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல்... எது வந்தாலும் முதலில் ரத்தத்தை நிறுத்தவேண்டும். டாக்டரைக் கூப்பிடுவது அடுத்தபடி. பையை எறியக்கூடாது, அது சோதனைக்குப் போகவேண்டும்.

"என்னவோ போல இருக்கிறதம்மா" என்று நோயாளி சொன்னால்கூட, நல்ல நர்சு அலட்சியம் செய்யமாட்டார். மயக்க மருந்து கொடுக்கப்பட்டவரோ அதைக்கூடச் சொல்லமுடியாது. அவருடைய நாடியையும் சிறுநீரின் நிறத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும்.