மதுபோதையில் வாகனம் ஓட்டுதல்

மதுபோதையில் வாகனம் ஓட்டுதல் என்பது, மதுசாரம் அருந்தியதால் புலன்களும் முடிவெடுக்கும் திறனும் குன்றிய நிலையில் ஒருவர் வாகனத்தை இயக்குவதைக் குறிக்கும். பெரும்பாலான நாடுகளில் இது தண்டனைக்குரிய குற்றம் ஆகும். ஓட்டுநர் தள்ளாடுகிறாரா என்பதை மட்டும் பார்க்காமல், அவரது குருதியில் உள்ள மதுசாரத்தின் அளவைக் கொண்டே இக்குற்றம் பொதுவாகத் தீர்மானிக்கப்படுகிறது. இந்தியாவில் இதற்கான எல்லை 100 மில்லிலீட்டர் குருதிக்கு 30 மில்லிகிராம் ஆகும்.

உடலில் மதுசாரம்

மதுபானங்களில் உள்ள மதுசாரம் எத்தனால் ஆகும். இது செரிமானம் தேவைப்படாமலேயே குருதியில் கலக்கக்கூடியது. ஒரு பகுதி இரைப்பையிலும் பெரும்பகுதி சிறுகுடலிலும் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் உணவு இருந்தால் உறிஞ்சப்படும் வேகம் குறையும். ஒரே எடையுள்ள ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், உடலில் நீரின் பங்கு குறைவாக இருப்பதால் பெண்ணின் குருதியில் மதுசார அளவு பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

உட்சென்ற மதுசாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியைக் கல்லீரலே சிதைக்கிறது. இது ஏறத்தாழ மாறா வேகத்தில் நடைபெறுகிறது. 100 மி.லீ. குருதியில் மணிக்குச் சுமார் 15 மி.கி. மட்டுமே குறையும், ஆளுக்கு ஆள் இது சற்று வேறுபடும்.

ஓட்டும் திறன் மீதான விளைவுகள்

மதுசாரம் மைய நரம்பு மண்டலத்தின் செயற்பாட்டைத் தளர்த்துகிறது. 20 மி.கி. அளவிலேயே ஒரே நேரத்தில் இரண்டு செயல்களில் கவனம் செலுத்தும் திறன் குறையத் தொடங்குகிறது. அளவு கூடும்போது வேகத்தையும் தொலைவையும் கணித்தல், கண் அசைவு, கைகால்களின் ஒத்திசைவு ஆகியன பாதிக்கப்படுகின்றன. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. தடையை அழுத்த அரை நொடி தாமதித்தாலும் வாகனம் 8 மீட்டர் கூடுதலாக முன்னே சென்றுவிடும்.

தன் நிலையைத் தானே மதிப்பிடும் திறன் தொடக்கத்திலேயே குன்றத் தொடங்குவது இதன் மிகப்பெரிய இடர் ஆகும். இதனால் தாம் நிதானமாக இருப்பதாக ஓட்டுநர் உண்மையாகவே நம்புவார். அந்த நம்பிக்கை அவரது உண்மையான நிலையைக் காட்டும் அளவுகோல் ஆகாது.

கணக்கீடு: ஓர் எடுத்துக்காட்டு

சுவீடிய வேதியியலாளர் எரிக் விட்மார்க் உருவாக்கிய வாய்பாட்டைக் கொண்டு குருதி மதுசார அளவைத் தோராயமாகக் கணிக்கலாம். அருந்திய எத்தனாலின் எடையை, உடல் எடையை ஒரு காரணியால் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். ஆண்களுக்கு இக்காரணி ஏறத்தாழ 0.68 ஆகும்.

5 விழுக்காடு மதுசாரம் கொண்ட 650 மி.லீ. பீர் புட்டி ஒன்றில் சுமார் 26 கிராம் எத்தனால் உள்ளது. 42.8 விழுக்காடு கொண்ட 60 மி.லீ. விஸ்கியில் உள்ளது சுமார் 20 கிராம் மட்டுமே. எனவே "வெறும் பீர்தான்" என்பது பொருந்தாது. 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் அந்தப் பீர் முழுவதையும் விரைவில் அருந்தினால், அளவு 50 மி.கி.யைத் தாண்டக்கூடும். இது இந்தியச் சட்ட எல்லையை விட அதிகம்.

அதே ஆண் 180 மி.லீ. விஸ்கி அருந்தினால் அளவு 130 மி.கி.யை நெருங்கும். நள்ளிரவில் இந்நிலையில் உறங்கியவரின் குருதியில் காலை ஆறு மணிக்கும் 30 மி.கி.க்கு மேல் எஞ்சியிருக்கலாம். உறங்கி எழுந்ததனால் மட்டும் ஒருவர் ஓட்டத் தகுதி பெற்றுவிடுவதில்லை.

அளவிடும் கருவிகள்

நுரையீரலில் குருதிக்கும் காற்றுக்கும் இடையே மதுசாரம் ஏறத்தாழ நிலையான விகிதத்தில் பரவுகிறது. குருதியில் உள்ள செறிவு மூச்சுக்காற்றில் உள்ளதைப் போல் சுமார் 2100 மடங்கு எனக் கொள்ளப்படுகிறது. மூச்சுச் சோதனைக் கருவி இவ்விகிதத்தின் அடிப்படையில் இயங்குகிறது. அமெரிக்கரான ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் 1954 இல் காவலர்கள் எளிதாகக் கையாளத்தக்க கருவியை உருவாக்கினார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் அவர் தலைமையில் நடந்த ஆய்வு, மதுசார அளவு உயர உயர விபத்து வாய்ப்பு மிக வேகமாகக் கூடுவதைக் காட்டியது.

உலக நாடுகளின் சட்டங்கள்

1897 இல் இலண்டன் வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவர் மதுபோதையில் ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டார். அக்காலத்தில் போதையை மெய்ப்பிக்க, பார்த்தவர்களின் சாட்சியமே வழியாக இருந்தது. 1936 இல் நார்வே குருதி மதுசார அளவையே குற்றத்தின் எல்லையாகச் சட்டத்தில் வகுத்தது. ஐக்கிய இராச்சியம் 1967 இல் 80 மி.கி. எல்லையைக் கொண்டுவந்தது.

100 மி.லீ. குருதிக்கான பொது எல்லைகள் சில:

- சுவீடன், நார்வே: 20 மி.கி.
- இந்தியா: 30 மி.கி.
- ஆத்திரேலியா, ஸ்கொட்லாந்து, மலேசியா: 50 மி.கி.
- இங்கிலாந்து, சிங்கப்பூர்: 80 மி.கி.

மலேசியா 2020 இலும் ஸ்கொட்லாந்து 2014 இலும் தம் எல்லையை 80 இலிருந்து 50 ஆகக் குறைத்தன. நாட்டுக்கு நாடு எல்லை மாறினாலும் மூளையின் மீதான விளைவு மாறுவதில்லை. எனவே சட்ட எல்லையைப் பாதுகாப்பான அளவாகக் கருத இயலாது.

இந்தியாவில்

மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 185 ஆம் பிரிவு இக்குற்றத்தைப் பற்றியது. 2019 திருத்தத்தின்படி முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் சிறை இரண்டு ஆண்டு வரையும் அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும்.

உயிரிழப்பு நேர்ந்தால் வழக்கு மேலும் கடுமையாகலாம். 2006 நவம்பரில் மும்பையின் கார்ட்டர் சாலையில் மது அருந்தியவர் ஓட்டிய மகிழுந்து நடைபாதையில் ஏறியதில், அங்கு உறங்கிய தொழிலாளர் எழுவர் இறந்தனர். இதனைக் கவனக்குறைவு என்று மட்டும் கொள்ளாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் கொண்ட தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2012 இல் உறுதி செய்தது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கும் குறிப்பிடத்தக்கது. தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருத்தலாகாது என ஆணையிட்டது. 2017 இல் இவ்வாணை பல வகைகளில் தளர்த்தப்பட்டது.

தவறான நம்பிக்கைகள்

காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீரில் குளித்தல் ஆகியன போதையைத் தெளிவிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இவை கல்லீரலின் வேகத்தைக் கூட்டுவதில்லை. காப்பி உறக்கத்தை மட்டும் சற்றுத் தள்ளிப்போடும். ஏலக்காய், வெற்றிலை ஆகியன வாய் நாற்றத்தை மறைக்கலாம். நுரையீரலிலிருந்து வரும் மதுசாரத்தை மறைப்பதில்லை. போதை தெளியக் காலம் ஒன்றே வழியாகும்.

பொறுப்புடன் நடத்தல்

எவ்வளவு குறைவாக அருந்தினாலும் உடல்நலத்துக்கு முற்றிலும் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என உலக சுகாதார அமைப்பு 2023 இல் அறிவித்தது. அருந்துவோர் பிறர் உயிருக்கு ஊறு நேராமல் காக்கக் கைக்கொள்ளத்தக்க வழிகள்:

- வீடு திரும்பும் வழியை முதல் கோப்பைக்கு முன்பே முடிவு செய்தல்
- குழுவில் ஒருவர் அன்று முற்றிலும் அருந்தாதிருந்து வாகனத்தை ஓட்டுதல்
- பேருந்து, தானி, வாடகை மகிழுந்து ஆகியவற்றைப் பயன்படுத்துதல்
- விருந்தளிப்பவர், அருந்திய விருந்தினரிடம் வாகனச் சாவியைக் கொடுக்காதிருத்தல்
- தூக்க மாத்திரை போன்ற மருந்துகளுடன் மது அருந்தாதிருத்தல்

அருந்திய பின் எடுக்கப்படும் முடிவு, ஏற்கனவே குன்றிய மனத்தின் முடிவாக இருக்கும். ஆகையால் அருந்தும் முன்பே எடுக்கப்படும் முடிவே நம்பத்தக்க பாதுகாப்பு ஆகும்.