ஒரு பல்லின் சாட்சியம்

மெகலோடோன் எனும் இராட்சதச் சுறா ஆழ்கடலில் இன்னமும் உலவுகின்றது எனும் தோரணையில் 2013 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்று நிகழ்ச்சியொன்றை ஒளிபரப்பியது. அதில் விஞ்ஞானிகளாகத் தோன்றியோர் நடிகர்கள் என்பது பின்னர் அம்பலமாகியது. ஆயினும் அக்கதை ஓய்ந்தபாடில்லை. எனவே, அழிந்துபோன சுறாவொன்றைப் பற்றி விஞ்ஞானம் எதனை ஆதாரமாகக் கொண்டு பேசுகின்றது என்பதை நோக்குவது பொருத்தமானதென நாம் கருதுகின்றோம்.

சுறாவின் உடற்கூடு எலும்பாலன்றிக் கசியிழையத்தால் ஆனது. அது பெரும்பாலும் அழுகி மறைந்துவிடும். ஆனால், வாழ்நாள் முழுவதும் ஆயிரக்கணக்கில் உதிர்ந்து புதிதாக முளைக்கும் பற்கள், கடினமான மிளிரியைக் கொண்டிருப்பதால் பல இலட்சம் வருடங்கள் நிலைத்திருக்கின்றன. மோல்ட்டாத் தீவில் அகப்பட்ட இத்தகைய பற்களைப் பாம்புகளின் கல்லாகிய நாக்குகள் என ஐரோப்பியர் நம்பியிருந்தனர். 1666 இல் இத்தாலியின் லிவோர்னோ கரையோரத்தில் பிடிபட்ட சுறாவொன்றின் தலையை வெட்டி ஆராய்ந்த நிக்கொலாஸ் ஸ்டெனோ, அவை சுறாப் பற்களே என மறுவருடம் எழுதினார்.

பல் எனக் கண்டுகொள்வது எளிது. எந்தச் சுறாவின் பல் எனக் கூறுவதே சிரமமானது. மெகலோடோனின் பல்லின் விளிம்பில் பனைமட்டையின் கருக்கைப் போன்ற நுண்ணிய வெட்டுகள் உண்டு. இன்றைய வெள்ளைச் சுறாவுக்கும் அவ்வாறே. இந்த ஒற்றுமையைக் கண்ட லூயி அகாசி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்தார். அது நெடுங்காலம் நிலைத்தது. ஆனால், மெகலோடோனின் வெட்டுகள் சீரானவை. வெள்ளைச் சுறாவினுடையவை பருத்தவை, ஒழுங்கற்றவை. பல்லின் முடிக்கும் வேருக்கும் இடையே மெகலோடோனுக்குள்ள கருமையான பட்டியும் வெள்ளைச் சுறாவிடம் இல்லை.

பெரு நாட்டில் கிடைத்து 2012 இல் விபரிக்கப்பட்ட உயிர்ச்சுவடொன்றில் 222 பற்கள் இருந்தன. அவற்றின் வெட்டுகள் அரைகுறையானவை. வெட்டற்ற பற்களைக் கொண்ட வேறொரு சுறா வரிசையிலிருந்தே வெள்ளைச் சுறா தோன்றியது என்பதற்கு அது வலுச்சேர்த்தது. அதாவது, ஒரே விதமான இரையை அறுக்கும் தேவை இரு வம்சங்களிலும் தனித்தனியே ஒரே ஆயுதத்தை உருவாக்கியுள்ளது. இன்று ஆய்வாளர் பலர் மெகலோடோனை ஒட்டோடஸ் பேரினத்தில் வைக்கின்றனர்.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. மேற்தாடைப் பல் அகன்றும் கீழ்த்தாடைப் பல் ஒடுங்கியும் இருக்கும். குட்டியின் பல் முதிர்ந்ததன் பல்லைப் போன்றதல்ல. தனிப்பல்லை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு ஒரே விலங்குக்குப் பல பெயர்களைச் சூட்டிய முன்னோரை நாம் குறைகூற முடியாது.

மெகலோடோன் வாழ்கின்றது என்போர் பெரிதும் நாடுவது, 1870 களில் சலஞ்சர் கப்பல் ஆழ்கடலிலிருந்து எடுத்த பற்களையே. அவற்றின்மீது படிந்த மங்கனீசின் தடிப்பைக் கொண்டு, அவை சுமார் 11,000 முதல் 24,000 வருடங்களே பழைமையானவை என 1959 இல் கணிக்கப்பட்டது. மங்கனீசு எங்கும் ஒரே வேகத்தில் படிவதில்லை. பழைய படையிலிருந்து அரித்தெடுக்கப்பட்ட பல்லின்மீதும் அது பின்னர் படியலாம். 2019 இல் வெளியான ஆய்வொன்று, எந்தப் பாறைப் படையிலிருந்து வந்ததெனத் தெளிவற்ற பற்களைக் கணக்கிலிருந்து விலக்கியது. எஞ்சியவற்றின்படி மெகலோடோன் சுமார் 36 இலட்சம் வருடங்களுக்கு முன்னரே மறைந்துவிட்டது. கண்டெடுத்த இடம் குறிக்கப்படாமல் சந்தையில் விலைபோகும் பல், எத்துணை அழகாயினும், இவ்வழக்கில் சாட்சி சொல்லும் தகுதியை இழந்துவிடுகின்றது.