மெர்த்தோலா: கோட்டை நிழலில் ஒரு மிஹ்ராப்

அந்தலூஸ் வரலாற்றுப் பாடம் முடிவுறும் வேளையில் மாணவர்கள் வழக்கமாக ஒரு வினா எழுப்புவர்: "கொர்தோபாவும் கிரனடாவும் தவிர வேறொன்றும் எஞ்சவில்லையா, ஹஜ்ரத்?" இதற்கு நான் தரும் விடை ஸ்பெயினில் இல்லை. அதன் அண்டை நாடான போர்ச்சுகலின் தென்பகுதியில், மெர்த்தோலா என்னும் சிற்றூரில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அவ்வூரும் அதன் ஆட்சிக்குட்பட்ட கிராமங்களும் சேர்ந்தே ஆறாயிரத்துச் சொச்சம் மக்கள்தாம்.

குவாதியானா நதியின் வலக்கரையில், ஒரு சிற்றாறு வந்து கலக்குமிடத்தில் எழுந்த குன்றின்மீது இவ்வூர் அமைந்துள்ளது. நதியின் பெயரிலேயே அரபு மொழி ஒலிக்கிறது. 'வாதி' என்னும் சொல்லுடன் 'ஆனா' என்ற பழம்பெயர் சேர்ந்ததே குவாதியானா. கடலிலிருந்து ஏறிவரும் மரக்கலங்கள் இவ்வூர் வரையே வர இயலும். அதனால் ரோமர் காலத்திலேயே இது துறைமுகமாயிற்று. நீரினுள் நீண்டு நின்ற பழைய ஆற்றுக் கோபுரத்தின் தூண்கள் இன்றும் கரையோரம் காணப்படுகின்றன. ஏழு கிளை விளக்கு பொறித்த 482ஆம் ஆண்டு யூதக் கல்லறைக் கல்லொன்றும் இங்கே கிடைத்திருக்கிறது. பல சமயத்தார் வந்து போன துறை அது.

முஸ்லிம்கள் இவ்வூரை 'மீர்துலா' என்றழைத்தனர். அதன் வரலாற்றில் மறக்கவொண்ணாத பெயர் இப்னு கஸீ. ஸில்வெஸ் பகுதியைச் சேர்ந்த இந்த ஸூஃபி, 1144இல் தம் முரீதுகளின் துணையுடன் முராபித்துகளுக்கு எதிராக எழுந்து, மெர்த்தோலாக் கோட்டையைக் கைப்பற்றினார். 'காலணிகளைக் கழற்றுதல்' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஞான நூலுக்குப் பிற்காலத்தில் இப்னு அரபீ அவர்களே விரிவுரை வரைந்தார்கள். ஆயினும் ஞானியாக இருந்தவர் அரசியலில் நிலைகொள்ளவில்லை. முவஹ்ஹிதுகளைத் தாமே அழைத்தார். பின் அவர்களோடு முரண்பட்டுக் கிறித்தவ மன்னர் அஃபோன்ஸோ ஹென்ரிக்கேஸுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். 1151இல் ஸில்வெஸில் கொல்லப்பட்டார். அந்தலூஸின் வீழ்ச்சிக்குப் பிறரையே பழித்துப் பேசும் நாம், இந்த அத்தியாயத்தை மட்டும் விரைந்து புரட்டிவிடுகிறோம். மெர்த்தோலா மக்கள் புரட்டவில்லை. கோட்டை வாயிலருகே அவரைக் குதிரைமீதமர்ந்த கோலத்தில் சிலையாக நிறுத்தியிருக்கிறார்கள். சிலை வைப்பது நமக்கு உடன்பாடானதன்று. எனினும், தம் ஊரை ஆண்ட மாற்றுச் சமயத்தவர் ஒருவரை அவர்கள் நினைவுகூர்வதைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை.

1238இல், இரண்டாம் சாஞ்சோ மன்னர் காலத்தில், சாந்தியாகு என்னும் கிறித்தவப் போர்வீரர் அமைப்பினர் ஊரைக் கைப்பற்றினர். (இந்தியக் கடற்கரைக்கு வந்த வாஸ்கோடகாமாவும் ஒரு காலத்தில் இந்த அமைப்பின் வீரனாக இருந்தவனே.) கோட்டையின் நடுவே ஓங்கி நிற்கும் பெருங்கோபுரம் 1292இல் அந்த அமைப்பின் தலைவர் எழுப்பியது.

கோட்டைக்குக் கீழே வெண்சுண்ணம் பூசிய தேவாலயம் ஒன்று நிற்கிறது. அதுதான் மாணவர் வினாவுக்கு விடை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முவஹ்ஹிதுகள் கட்டிய பள்ளிவாசல் அது. வென்றவர்கள் அதனை இடிக்கவில்லை; தேவாலயமாக மாற்றிக்கொண்டனர். ஏறத்தாழ 1509ஆம் ஆண்டளவில் துவார்த்தே தெ ஆர்மஸ் என்பவர் மன்னருக்காக வரைந்த கோட்டைப் படங்களில், இக்கட்டடம் மினாராவுடனேயே காணப்படுகிறது. பின்னர் அதே நூற்றாண்டில் கூரை மாற்றப்பட்டு வளைவு மாடங்கள் அமைந்தன. வாயிலும் புதுக்கோலம் பூண்டது. ஆனால் குதிரை லாட வடிவ வளைவுடைய நான்கு கதவுகள் தப்பின. பலிபீடத்தின் பின்னே, சுதை வேலைப்பாட்டு வளைவுகளுடன், கிப்லாவை நோக்கிய மிஹ்ராபும் தப்பியது. இன்றும் அங்கே கிறித்தவ வழிபாடே நடைபெறுகிறது. வழிபாட்டிடமாகத் தொடர்ந்து பயன்பட்டதாலேயே அச்சுவர்கள் நிலைத்தன என்று எண்ணும்போது, வருத்தமும் ஆறுதலும் ஒருசேர எழுகின்றன.

கோட்டையை அடுத்த மேட்டுநிலத்தின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கிருந்த முஸ்லிம்களின் குடியிருப்பு 1238க்குப் பின் கைவிடப்பட்டது, மேடு இடுகாடாயிற்று. அதனாலேயே வீடுகளின் அடித்தளங்கள் மண்ணுக்குள் கலையாமற் கிடந்தன. 1978இல் கிளாவ்தியோ தோரெஸ் என்ற ஆய்வாளர் அகழ்வைத் தொடங்கினார். நடுமுற்றம், அதனைச் சுற்றி அறைகள், தனிச் சமையலறை, கழிப்பிடம், கழிவுநீர் தெருவுக்குச் செல்லும் கால்வாய் என எளிய குடும்பங்களின் இல்லங்கள் வெளிப்பட்டன. வரலாறு என்றால் கலீஃபாக்களின் மாளிகை என்றே படித்த எனக்கு, எவரோ ஒரு தாய் சோறாக்கிய அடுப்படி அதைவிடப் பெரிதாகப் படுகிறது. அவர்கள் புழங்கிய மட்பாண்டங்கள் 2001இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. மான் வேட்டைக் காட்சி தீட்டிய பதினோராம் நூற்றாண்டுக் கிண்ணம் அவற்றுள் புகழ்பெற்றது.

ஊரில் ஒரு நெசவுக்கூடமும் உண்டு. அங்கே பெண்கள் கைத்தறியில் நெய்யும் கம்பளிப் போர்வைகளின் கோலங்கள், வட ஆப்பிரிக்காவின் பெர்பெர் மக்களுடைய நெசவை ஒத்தவை. பேச்சிலும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. நல்லது நடக்க வேண்டுமென்று விரும்பும் போர்த்துக்கேயர் 'ஒஷலா' என்பர். 'இன்ஷா அல்லாஹ்'வின் திரிபே அது.

2001 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், மெர்த்தோலாவில் இஸ்லாமியத் திருவிழா நடந்துவருகிறது. குறுகிய தெருக்களுக்கு மேலே துணிப்பந்தல் விரித்து அரபுக் கடைவீதி அமைக்கிறார்கள். மொராக்கோவிலிருந்து வணிகர்கள் வருகிறார்கள். அந்நாட்களில் சந்தை நிற்கும் தெருக்களிலிருந்து சற்று மேலேறினால், பழைய பள்ளிவாசலின் லாட வளைவுக் கதவுகளைக் காணலாம்.